எடையா, இடமா?

சூப்பர் கெப்பாசிட்டருக்குள் பேட்டரியில் நடப்பதுபோன்ற வேதிவினை பெரிதாக நடப்பதில்லை. கரியின் பரப்பில் அயனிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அப்படியானால் பரப்பு கூடக்கூட சேமிப்பும் கூடவேண்டும். ஓரணுத் தடிமனுள்ள கரி ஏடான கிராஃபீனின் பரப்பு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் என்பது ஏட்டுக்கணக்கு. கொட்டாங்கச்சிக் கரியைக் கடும் சூட்டில் நீராவி பாய்ச்சித் துளைத்தெடுத்த ஆக்டிவேட்டட் கார்பனுக்கோ 1,500 முதல் 2,000 வரைதான். ஆனாலும் விற்பனைக்கு வரும் சூப்பர் கெப்பாசிட்டர்களில் பெரும்பாலானவை ஆக்டிவேட்டட் கார்பனை நம்பியே இருக்கின்றன. மலிவு என்பது இதற்குப் பாதிக் காரணம். நாம் கட்டிக்கொண்டு அழும் கிராம் கணக்கு கையடக்கக் கருவிக்குப் பொருந்தாது என்பது மீதிப் பாதி. அங்கே பஞ்சம் எடைக்கு இல்லை, இடத்துக்கு.

ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் செல்லைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். அலுமினியத் தாளின் மேல் 100 மைக்ரான் அளவுக்குக் கரிப்பூச்சு, நடுவே மெல்லிய தடுப்புத் தாள், எங்கும் ஊறிய மின்பகுளி (அயனிகள் கரைந்த திரவம்), வெளியே உறை. மொத்த எடையில் கரி ஏறத்தாழ 30 சதவீதம்தான் என்று ஆய்வாளர்கள் யூரி கோகோட்சியும் பாட்ரிஸ் சிமோனும் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் எச்சரித்தார்கள். பூச்சை மிக மெல்லியதாக்கி அளந்தால் கிராமுக்கு மலைக்கவைக்கும் எண் வரும். ஆனால் தாளும் உறையும் இளைப்பதில்லை, செல்லில் கரியின் பங்குதான் இளைக்கிறது. கிராஃபீன் பொடியோ இலவம்பஞ்சு போல உப்பி நிற்பது. அதன் வெற்றிடங்களையெல்லாம் மின்பகுளி நிரப்பிக்கொள்கிறது. எடை ஏறுகிறது, சேமிப்பு ஏறுவதில்லை.

பரப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அது எப்படிப்பட்ட துளையில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். கரைப்பானைப் போர்த்திக்கொண்ட அயனி ஒரு நானோமீட்டருக்கும் குறைவான துளைக்குள் நுழையாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2006-இல் இதே இருவரும் உடனாய்வாளர்களும் செய்த சோதனையில், அப்படிப்பட்ட துளைகளில்தான் சேமிப்பு எதிர்பாராமல் உயர்ந்தது. அயனி தன் போர்வையைக் களைந்துவிட்டு உள்ளே போகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். சிறு துளை இடத்தையும் வீணாக்குவதில்லை.

கிராஃபீனையும் அமுக்கி அடர்த்தியாக்கலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் டான் லீயின் குழு 2013-இல் கிராஃபீன் கூழ்ப்படலத்திலிருந்து ஆவியாகும் திரவத்தை மட்டும் விரட்டியது. ஏடுகள் நெருங்கின, எஞ்சிய மின்பகுளி அவை ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் காத்தது. கன சென்டிமீட்டருக்கு 1.33 கிராம் வரை அடர்த்தி. லிட்டருக்கு 60 வாட்-மணி நெருங்கிய சேமிப்பு. அருமையான வேலை. அந்த வெற்றியை அவர்கள் லிட்டரில் சொன்னதே என் வாதத்துக்கு வலு. இனி வரும் ஆய்வுகளும் கிராம் கணக்கோடு பூச்சின் தடிமனையும் அடர்த்தியையும் சேர்த்தே அச்சிடவேண்டும். ஏனென்றால், நெருக்கி அடைத்த கரியில் பூச்சு தடிக்கத் தடிக்க அயனி உள்ளே போய்வர நேரமாகிறது. நொடிகளில் நிரம்பும் வேகம்தான் சூப்பர் கெப்பாசிட்டரின் உயிர். அந்த வேகத்தை இழக்காமல் எவ்வளவு நெருக்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.