தேயிலை மலைக் குளிரில் கோழிக்குஞ்சு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா. பகலில் 22, 23 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் விடியற்காலையில் 15, 16க்கு இறங்கிவிடும். ஆண்டு முடிவில் அதற்கும் கீழே போகிற இரவுகள் உண்டு. தேயிலைக்கு ஒத்துப்போகிற குளிர் இது. 1929இல் தொடங்கிய ‘போ’ தோட்டமும் அதன்பின் வந்தவையும் இதை நம்பித்தான் மலையேறின. தமிழ்க் குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்ததும் அப்படித்தான். ஆனால் நேற்றுப் பொரிந்த கோழிக்குஞ்சுக்கு இந்தக் குளிர் எமன்.

கோழியின் மூதாதை வெப்பக் காட்டுப் பறவை. வளர்ப்புக் கோழிக்கு மிக நெருங்கிய காட்டுக்கோழித் துணையினம் தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியன்மார் பகுதிகளைச் சேர்ந்தது என்று 2020இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அந்த வம்சத்துக் குஞ்சு மெல்லிய தூவியோடுதான் பிறக்கிறது. தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இரண்டு மூன்று வாரமாகும். இறகு முழுதாக மூட ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதுவரை தாயின் வயிற்றடி வேண்டும், இல்லையென்றால் நாம் அமைக்கும் சூட்டுக்கூடான புரூடர் வேண்டும்.

தாய்க்கோழி என்ன செய்கிறது என்று சற்று நேரம் நின்று பாருங்கள். குஞ்சுகள் வெளியே ஓடிக் கொத்தித் திரிகின்றன. குளிர்ந்ததும் சிறகுக்கடியில் புகுந்துகொள்கின்றன. சூடேறியதும் மறுபடி ஓட்டம். சூடும் குளிர்ச்சியும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன, எது எப்போது வேண்டும் என்பதைக் குஞ்சே முடிவு செய்கிறது. நல்ல புரூடருக்கு இலக்கணம் இதுதான். மலைக்காரர்கள் தவறுவதும் இங்கேதான். குளிருக்கு அஞ்சிப் பெட்டியைச் சாக்காலும் பிளாஸ்டிக்காலும் இறுக மூடிவிடுகிறோம். உள்ளே ஈரம் சேர்கிறது, எச்சத்திலிருந்து அம்மோனியா எழுகிறது, ஒதுங்க இடமில்லாமல் குஞ்சு மூச்சு வாங்குகிறது. என் கணிப்பில், இந்த மலையில் குளிரைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி வேண்டும்; பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது தமிழ்நாட்டில் பண்ணையாளர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. அது சமவெளிக்குச் சரி. ஈப்போவில் இரவு 24 டிகிரி என்றால் ஈடுகட்ட வேண்டியது 11 டிகிரி. தானா ராத்தாவில் அது 19 டிகிரி. ஆகவே 25 குஞ்சுகளுக்கு 50 வாட் போதாது, 100 வாட்டாவது வைத்துக்கொள்வது நல்லது. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்பு அரிதாகிவிட்ட இந்நாளில் செராமிக் சூட்டு விளக்கோ சிவப்பு அகச்சிவப்பு விளக்கோதான் வழி. அதை அதன் ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள். சங்கிலியில் கட்டி, கம்பிக்கூண்டு மாட்டுங்கள். காய்ந்த மரச்சீவலில் விளக்கு விழுந்தால் லயமே எரியும்.

தடுப்பு வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் குளிருகிற குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடியிலிருப்பவை நசுங்கும். தடித்த அட்டையை ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மீட்டர் அகல வட்டமாக வளைத்தால் 25 குஞ்சுகளுக்கு இரண்டு வாரம் தாங்கும். விளக்கை நடுவில் தொங்கவிடாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும், தண்ணீர் அங்கே. சிமெண்டுத் தரை சூட்டை உறிஞ்சும் என்பதால் அடியில் பலகை போட்டு, அதன்மேல் மூன்று அங்குலம் மரச்சீவல் பரப்ப வேண்டும். பொடித்தூள் வேண்டாம், தீனியென்று தின்றுவிடும். வழவழப்பான தாளும் வேண்டாம், கால் அகன்று நொண்டியாகும்.

தெர்மாமீட்டர் இருக்கட்டும், ஆனால் குஞ்சுகள் சொல்வதைக் கேளுங்கள். விளக்கடியில் குவிந்து கீச்கீச்சென்று கத்தினால் குளிர். அலகைத் திறந்து, சிறகைத் தொங்கவிட்டு விலகி நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று கீழே புகுகிறது. பரவி நின்று தின்றும் உறங்கியும் இருந்தால் சரி. ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் தரை குளிர்ந்துவிட்டது. இதைப் பகலில் பார்ப்பது போதாது, விடியலுக்கு முந்தைய நேரத்தில் எழுந்து பார்க்க வேண்டும்.

குஞ்சுகளை வாங்கிவருகிறவர்களுக்கு ஒன்று. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வயிற்றில் மஞ்சள் கரு மிச்சமிருப்பதால் குஞ்சு இரண்டு நாள் பட்டினி தாங்கும், வழிக்குளிரைத் தாங்காது. வீட்டுக்கு வருமுன்பே புரூடரைச் சூடேற்றி வையுங்கள். வந்ததும் வெதுவெதுப்பான நீர் கொடுங்கள். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் மூழ்காது. தீனி அதற்குப் பிறகுதான்.

மின்சாரம் போன இரவில் வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். பூட்டிய அறையில் கரியடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. குஞ்சையும் கொல்லும், பக்கத்து அறையில் உறங்கும் பிள்ளைகளையும் கொல்லும்.

எந்த இனம் என்று கேட்டால் நாட்டுக்கோழிதான் என்பேன். வேகமாய் வளரும் கறிக்கோழிக்கு மலைக்காற்றின் குறைந்த ஆக்ஸிஜனும் தொடக்கக் குளிரும் சேர்ந்து வயிற்றில் நீர் கோக்கும் நோயைக் கொண்டுவரக்கூடும். நாட்டுக்குஞ்சுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஈரச்சீவலில் பெருகும் ரத்தக்கழிச்சல் எந்த இனத்தையும் விடாது. நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிட்டுப் புதுச்சீவல் போடுங்கள்.

நான்காம் வாரத்தில் பகல் சூட்டை நிறுத்திப் பாருங்கள், இரவு விளக்கு மட்டும் எரியட்டும். சமவெளியில் ஐந்தாம் வாரம் விளக்கைக் கழற்றிவிடுவார்கள். இங்கே மார்பிலும் முதுகிலும் இறகு நிறைந்ததா என்று தடவிப் பார்த்த பிறகே கழற்ற வேண்டும். அள்ளிய சீவலை நேராகக் காய்கறிப் பாத்தியில் கொட்டாதீர்கள். பச்சை எரு ஈயைப் பெருக்கும் என்பது இம்மலையில் தோட்டம் போடுகிற எல்லோருக்கும் தெரியும். மக்கவைத்த பின் போடுங்கள்.