கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா?

"வேலை கஷ்டமில்லை அக்கா, பக்கத்தில நிக்கிறவவோடதான் கஷ்டம்." கொழும்பில் வேலைக்குப் போகும் நம் சகோதரிகளிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வெள்ளவத்தை காலி வீதிப் புடைவைக் கடையானாலும் கொட்டாஞ்சேனைக் கந்தோரானாலும், குத்தலாகப் பேசுபவரும், தன் வேலையை நம் தலையில் கட்டுபவரும், வீட்டுக் கதையைத் துருவித் துருவிக் கேட்பவரும் இருக்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பும் வாடகையும் அந்தச் சம்பளத்தில் தங்கியிருக்கும்போது வேலையை விடவும் முடியாது. தினமும் சண்டை பிடிக்கவும் முடியாது. அப்படியானால் என்ன செய்வது?

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இது மேலும் சிக்கலானது. "எந்த இடம்? புருஷன் எங்கே? ஏன் பொட்டு வைக்கிறேல்லை?" கேட்பவருக்கு இது பொழுதுபோக்கு. நமக்கோ ஆறாத புண்ணைக் கிளறும் கேள்விகள்.

அத்துடன் பழைய பயமும் சேர்ந்துகொள்கிறது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியிலும் பொலிஸ் பதிவிலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர், தகுந்த காரணமின்றிக் கொழும்பில் இருப்பதாகக் கூறி பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் 85 பேர் பெண்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தை நிறுத்த இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனாலும் "ஏன் இங்கே இருக்கிறாய்?" என்று யார் கேட்டாலும் விளக்கம் சொல்லும் பழக்கம் நம்மில் பலரை விட்டுப் போகவில்லை.

சகோதரிகளே, உடன் வேலை செய்பவர் சோதனைச் சாவடி அல்ல. அவருக்கு நாம் கொடுக்கவேண்டியவை இரண்டு: மரியாதை, வேலைக்குத் தேவையான தகவல். நம் வாழ்க்கைக் கதை அந்தக் கணக்கில் சேராது.

நான் அறிந்த ஒரு சகோதரி வன்னியிலிருந்து வந்து ஒரு கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். கணவர் காணாமற்போனவர். கூட நின்ற மூத்த பெண், வாடிக்கையாளர் முன்னிலையிலேயே கணவரைப் பற்றிக் கேட்பார். மாலையில் காசு குறைந்தால் பழியையும் இவர் மேல் போடுவார். இவர் முதலில் அழுதார், பிறகு பேசாமல் இருந்து பார்த்தார். இரண்டும் உதவவில்லை.

பின்பு ஒருநாள், கடையில் ஆட்கள் இல்லாத நேரத்தில், தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, என்ர வீட்டு விஷயத்தை இங்க கதைக்க எனக்கு விருப்பமில்லை. வேலை விஷயம் எதெண்டாலும் கேளுங்கோ." மீண்டும் கேட்டபோதெல்லாம் அதே வசனத்தைத்தான் சொன்னார். காசு எண்ணும் நேரத்தையும் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார். இரண்டு கிழமைக்குப் பின் திகதிகளோடு முதலாளியிடம் காட்டி, "இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து வைத்தால் நல்லது" என்றார். முதலாளி ஒத்துக்கொண்டார். அந்த அக்கா இன்றும் சிநேகிதியாகிவிடவில்லை. ஆனால் காசுப் பழி நின்றது. வேலை ஒழுங்காக நடக்கிறது.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை சில உண்டு.

எல்லையைத் தனியாக இருக்கும்போது, சுருக்கமாகச் சொல்லுங்கள். காரணம் விளக்கப் போனால் அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். காலை வணக்கத்தையும் வேலைக்குரிய பேச்சையும் நிறுத்தாதீர்கள். முகத்தைத் திருப்பினால் பிழை நம்முடையதாகத் தெரியும். அவரைப் பற்றி மற்றவரிடம் குறை பேசாதீர்கள். முதலாளியிடம் போகும்போது அவருடைய குணத்தைப் பற்றிச் சொல்லாமல், என்று என்ன நடந்தது, வேலை எப்படிப் பாதிக்கப்பட்டது என்று சொல்லுங்கள். கைமாற்றுக் கேட்டால், முடியாதபோது "ஏலாது" என்று முதல் நாளே சொல்வது இருவருக்கும் நல்லது.

இத்தனை பொறுமையும் ஓர் உழைப்புத்தான். அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்கள் மனத்துக்குள் இருப்பதை அடக்கிச் சிரித்த முகத்தோடு நிற்பதையும் உழைப்பு என்றே கணக்கிட்டார். அந்த உழைப்பும் களைப்பைத் தரும். எனவே வீடு திரும்பியதும் நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். துயரத்தைப் பகிர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடம் பகிர்வது என்பதை நாமே தீர்மானிக்கவேண்டும் என்கிறேன்.

சில விஷயங்களைப் பொறுக்கவே கூடாது. பாலியல் ரீதியான பேச்சோ தொடுகையோ "குணம் சரியில்லாதவர்" என்று விட்டுவிடும் காரியமல்ல. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி அது குற்றம். 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தமிழ் 1987 முதல் அரசகரும மொழியுமாகும். எனவே முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். பெண்களுக்கான அரசாங்க உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

மற்றவரின் வேலைக்காகத் தினமும் பிந்தி நிற்கவேண்டியதுமில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என வரையறுக்கிறது. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு. கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

குத்திப் பேசுபவருக்கும் ஒரு துயரம் இருக்கக்கூடும். அதைப் புரிந்துகொள்வோம், ஆனால் அதைச் சுமக்கும் பொறுப்பு நம்முடையதல்ல. நாளைக் காலை வேலைக்குப் போகுமுன், நீங்கள் சொல்லவேண்டிய அந்த ஒரு வசனத்தை வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். குரல் நடுங்காமல் வரும்.