பக்கவாத்தியம் இல்லாப் பாட்டு

பக்கவாத்தியம் இல்லாத பாட்டைக் குறையுள்ளதெனக் கருதுவோர் உளர். அமெரிக்க வரலாறு வேறு கூறுகிறது. 1739இல் தென் கரோலினாவின் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அவர்தம் முரசுகளைச் சட்டம் தடுத்தது. அன்றுமுதல் கைத்தட்டும் காலடியுமே தாளமாயின, குரலே வாத்தியமாயிற்று.

அம்மரபிலே வளர்ந்தவர் ஜோர்ஜியா மாநிலத்துப் பேர்னிஸ் ஜோன்சன் ரீகன் அம்மையார். 1961இல் உரிமைப் போராட்டத்திற் சிறைப்பட்டவேளை, முன்னோரின் பக்திப் பாடல்களே சிறையினுள்ளும் ஒலித்தன. 1973இல் வாஷிங்டனில் அவர் அமைத்த கறுப்பின மகளிர் குழுவின் பெயர் 'சுவீட் ஹனி இன் த ரொக்'. 'கற்பாறையிலே இனிய தேன்' என்பது பொருள். ஒரு பெண்குரல் முரசெனத் தாழ்ந்தொலிக்க, ஏனைய குரல்கள் அதன்மேல் இழைந்தன. பழைய பக்திப் பாடல்களோடு ஜனரஞ்சகப் பாடல்களும் இடம்பெற்றன. செவிப்புலனற்றோர்க்காகச் சைகைமொழி வல்லார் ஒருவரும் மேடையில் உடனின்றார்.

2024இல் அம்மையார் மறைந்தார். சட்டம் பறித்த முரசைக் குரலிலே மீட்டவர் அவர்.