கடற்காற்றின் ஈரமும் ஆகாய மின்சாரமும்

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் பூமியில் மானாவாரி விதைப்பு நடைபெறும் ஐப்பசி மாதமே இடி மின்னல் மிகுந்த காலமுமாகும். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால், தூத்துக்குடிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் அவ்வாறே கடத்துமென்று பலர் எண்ணுவர். உண்மை வேறு.

காற்று இயல்பாக மின்சாரத்தை எளிதில் கடத்துவதன்று. அதில் மிதக்கும் அயனிகள் என்னும் மின்னேற்றமுள்ள நுண்துகள்களே சிறிதளவு கடத்துகின்றன. நிலத்தின்மேல் இவை மண்ணிலிருந்து வெளிப்படும் ரேடான் வாயுவாலும் விண்கதிர்களாலும் உண்டாகின்றன. நடுக்கடலிலோ பெரும்பாலும் விண்கதிர்களால் மட்டுமே உண்டாகின்றன. அலைகள் உடையுங்கால் தெறிக்கும் திவலைகள் உலர்ந்து உப்புத்தூளாகக் காற்றில் கலக்கின்றன. ஈரம் மிகுந்தால் உப்பு கசிவதை உப்பளத்தார் அறிவர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குச் சுமார் 75க்கு மேற்படின், மிதக்கும் தூளும் அவ்வாறே நீரை உறிஞ்சிப் பருக்கின்றது. அயனிகள் அத்துளிகளில் ஒட்டிக்கொண்டு வேகமிழக்கின்றன. ஆகையால் உப்பும் ஈரமும் மிகுந்த காற்றின் கடத்துந்திறன் குறைகின்றதேயன்றி வளர்வதில்லை.

சமுத்திரங்களின்மேல் ஆகாய மின்சாரத்தை அளந்த கப்பல்களுள் 1909 முதல் 1929 வரை ஓடிய 'கார்னெகி' என்னும் மரக்கப்பல் பேர்பெற்றது. தெளிந்த வானிலையில் தரையருகே ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 100 வோல்ட் வேற்றுமை உண்டு. இது உலகெங்கும் ஒரே சமயத்தில், நம் நாட்டு நேரப்படி நள்ளிரவுக்குச் சற்றுப் பின், உச்சமடைவதை அக்கப்பலின் அளவைகள் காட்டின. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலும் ஆகாய மின்சாரம் அளக்கப்பட்டுள்ளது.

அங்ஙனமாயின் ஈரத்தால் அபாயமே இல்லையோ? உண்டு, ஆனால் அது பொருள்களின் மேற்பரப்பில் உள்ளது. மின்கம்பத்துப் பீங்கான்மீது படிந்த உப்பு பனியில் நனைந்ததும் மின்சாரம் அதன்வழியே கசியும். விடியற்காலையில் சீறும் கம்பத்தைத் தொடாமல், கிராம அதிகாரிகள் உடனே மின்வாரியத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

மின்னலுக்கும் ஈரம் மூலப்பொருளே. வெயிலில் காய்ந்த நிலத்தின்மேல் ஈரக்காற்று உயர எழும்பி மேகமாகி, அதனுள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னேற்றம் பிரிகின்றது. கடலினும் நிலத்திலேயே மின்னல் மிகுதி. மழைக்குப் பனையடியில் ஒதுங்குவது நம்மவர் வழக்கம், இது பெருந்தவறு. உயர்ந்த மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர்மேலும் தாவும். இடியோசை கேட்டவுடன் ஏரை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, கட்டடத்துக்குள் செல்லவேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் வயலில் இறங்கலாம்.