வாயுக் கணக்குகளும் திணிவுக் காப்பு விதியும்

வாயுக்கள் பங்குபெறும் இரசாயனத் தாக்கங்களில் கனவளவு மாறலாம், அமுக்கம் மாறலாம், மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் மாறலாம். மாறாது நிற்பவை ஒவ்வொரு மூலகத்தினதும் அணுக்களின் எண்ணிக்கையும், அதன்வழி தொகுதியின் மொத்தத் திணிவுமாகும். ஆயினும், திணிவுக் காப்பு விதி தொடக்கப் பாடத்தில் மனனஞ் செய்யப்பட்டுப் பின்னர் மறக்கப்படுவதும், வாயுக் கணக்குகள் தனித்தனிச் சூத்திரங்களாகப் பயிலப்படுவதுமே வழக்கமாகிவிட்டன. இவ்விரண்டையும் இணைத்து நோக்க முயல்வோம்.

இவ்விதி எளிதிற் பெறப்பட்டதன்று. அடைத்த குடுவையில் உலோகங்களைச் சூடாக்கிய போயில், குடுவையைத் திறந்த பின்னரே நிறுத்தார். நிறை கூடியிருந்தது. தீயின் நுண்துணிக்கைகள் கண்ணாடியை ஊடுருவி உலோகத்தோடு சேர்ந்தன என 1673இல் அவர் விளக்கினார். 1774இல் இலவோசியர் இத்தகைய சோதனையை வெள்ளீயத்தைக் கொண்டு செய்தார். ஆனால், திறக்குமுன்னரே நிறுத்தார். நிறையில் மாற்றமில்லை. திறந்தபோது வெளிக்காற்று உட்புகுந்தது. நிறையும் அப்பொழுதே கூடியது. தொகுதியின் எல்லையை வரையறுத்த பின்னரே திணிவுக் காப்பைப் பிரயோகிக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி ஒரு கணக்கை நோக்குவோம். 92 கிராம் இருநைதரசன் நாலொட்சைட்டு, அதாவது 1 மூல், நைதரசனீரொட்சைட்டாகப் பகுதியாகப் பிரிகிறது. அடர்த்தியை அளந்து, கலவையின் சராசரி மூலர்த் திணிவு 80 கிராம் எனக் கண்டோம் எனக் கொள்வோம். பிரிந்த அளவு யாது? வாயு எதுவும் வெளியேறாமையாற் கலவையின் திணிவு இப்பொழுதும் 92 கிராமே. ஆகவே மொத்த மூல்கள் 92/80, அதாவது 1.15. ஒரு மூலக்கூறு பிரிந்து இரண்டாவதால், மேலதிகமான 0.15 மூலே பிரிந்த அளவாகும். அஃதாவது நூற்றுக்கு 15. விடையைச் சரிபார்ப்பதும் எளிது: எஞ்சிய 0.85 மூல் 78.2 கிராம், உண்டான 0.30 மூல் 13.8 கிராம், கூட்டுத்தொகை 92 கிராம். தனிச் சூத்திரம் எதுவும் இங்கு வேண்டப்படவில்லை.

இந்நியாயத்தின் பயன் பரீட்சை மண்டபத்தோடு முடிவதன்று. அமோனியங் குளோரைட்டின் சார்மூலக்கூற்றுத் திணிவு 53.5. எனவே அதன் ஆவியடர்த்தி, ஐதரசன் சார்பாக, 26.75 ஆதல் வேண்டும். பரிசோதனையிற் கிடைத்ததோ ஏறத்தாழ அதன் பாதியே. 1811இல் அவகாதரோ வெளியிட்ட கருதுகோள் பிழையானது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டியோரும் உளர். உண்மையில் அவ்வுப்பு அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிந்திருந்தது. திணிவு மாறவில்லை; மூலக்கூறுகள் இரட்டித்தமையாற் கனவளவு இரட்டித்தது; அடர்த்தி பாதியாயிற்று. இவ்விரு வாயுக்களும் வெவ்வேறு வேகத்திற் பரவுவதைப் பயன்படுத்தி, 1862இல் பெபால் அப்பிரிவைப் பரிசோதனை வாயிலாக நிறுவினார். கருதுகோள் நிலைபெற்றது.

தாக்கத்தில் வெளிப்படும் சத்திக்கேற்ப மிகச் சிறிதளவு திணிவு குறைகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. சாதாரண இரசாயனத் தராசு அதனை உணராது. ஆதலால் நமது கணக்குகளை அது பாதிப்பதில்லை. எந்தக் கணக்கிலும் மாறுவது எது, மாறாதது எது, தொகுதி மூடியதா, திறந்ததா என்று முதலிற் கேட்கப் பழகிய மாணவன் சூத்திரத்தை மறந்தாலும் விடையை அடைவான். கேட்கப் பழகாதவனுக்குச் சூத்திரம் நினைவிலிருந்தும் பயனில்லை.