காரின் சக்கரத்தில் உறுமல் கேட்கிறதா?

கொடைக்கானலிலிருந்து வட்டக்கானல் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் காட்டுப்பாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. சாலையில்லாத அவ்வூருக்கு நெடுங்காலம் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலுமே மூட்டைகள் சென்றன. சக்கரம் எவ்வளவு பாடு குறைக்கிறது என்பது இதனால் விளங்கும். அதே மலையில், வத்தலக்குண்டுச் சாலையில் இறங்கும் காரிலோ, சக்கரத்தை நம்பித்தான் உயிரே இருக்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடம், மை தடவிய அச்சின்மேல் வழுக்கிச் சுழல்கிறது. காரின் குடத்தில் பேரிங் இருக்கிறது. இரு எஃகு வளையங்களுக்கிடையே குண்டுகளோ உருளைகளோ உருள்கின்றன. வழுக்குவதைவிட உருள்வதில் உராய்வு மிகக் குறைவு. வண்டி அச்சுக்கான குண்டு பேரிங்கிற்கு வேல்ஸ் நாட்டு ஃபிலிப் வான் 1794 இலேயே காப்புரிமை பெற்றார்.

1,000 கிலோ எடையுள்ள கார் நின்றால் சக்கரத்துக்குச் சுமார் 250 கிலோ. வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை கூடும். குண்டு வளையத்தைத் தொடும் இடமோ மிகச் சிறியது. ஆகவே அழுத்தம் மிகப் பெரியது. நாளடைவில் எஃகு களைத்துச் செதிலாகப் பெயர்கிறது. நீர் புகுந்து கிரீஸ் கெட்டால் அழிவு விரைவுபடும்.

அப்போது வேகத்துடன் வளரும் உறுமல் கேட்கும். வலப்புறம் திரும்புகையில் அது கூடினால், இடச் சக்கரத்தை ஐயுறுங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் காரை ஓட்டாதீர்கள்.

இன்றைய பல கார்களில் குடமும் பேரிங்கும் போல்ட்டால் பொருத்திய ஒரே உறுப்பு. அதனை வீட்டிலேயே மாற்றலாம். சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் தாங்கு முக்காலியும் வையுங்கள். கழற்றிய பிரேக் காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். சக்கர வேகம் அறியும் உணரியின் கம்பியை இழுக்காதீர்கள். துருவைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பொருத்துங்கள். சுத்தியலால் அடித்தால் அடி குண்டுகள் வழியே பாய்ந்து வளையத்தில் குழி விழும். புதிய பேரிங்கும் விரைவில் உறுமும். அச்சு நட்டைக் கார்க் கையேடு கூறும் முறுக்குவிசைக்கே, அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

அழுத்திப் பொருத்தும் வகையானால் அழுத்துபொறி வேண்டும், பட்டறைக்கே விடுங்கள். எவ்வாறாயினும், மலையில் இறங்குமுன் மாற்றிவிடுங்கள்.