கற்றவர் கையில் உளி

கல்லூரியில் நாம் கற்ற காலத்தில் வகுப்பறை மேசைகளிலும் வாங்குகளிலும் கவராய முனையால் நமது பெயர்களைப் பொறித்து வைத்தோம். அதற்காகத் தண்டனை பெற்றோரும் நம்மிடையே உளர். அம்மேசையைச் செய்தவர் யார் என்று எவரும் வினவியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நம்மைச் சுமந்த பலகையை இழைத்துப் பொருத்திய கைகளுக்கு உரியவரின் பெயர் நமக்குத் தெரியாது. கல்வி கற்றோர் கையில் மை படியலாம், மரத்தூள் படியலாகாது என்னும் எண்ணம் நம்மவருள் அத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது. எழுதுவினைஞர் பரீட்சையில் சித்தியடைந்த மகனைப் பற்றி ஊரெல்லாம் பேசிய தந்தை, தச்சுத் தொழிலில் நாட்டங் கொண்ட மகனைப் பற்றிப் பேசாதிருந்தார்.

இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கை கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

புறக்கோட்டையும் தளபாடமும்

தளபாடத் தொழில் நமக்குப் புதியதன்று. 1860ஆம் ஆண்டிலே எச். டொன் கரோலிஸ் என்பார் கொழும்பில் நிறுவிய தளபாட வாணிபம் நாடறிந்ததொன்றாக வளர்ந்தது. பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாகிய அநகாரிக தர்மபாலர் 1864இல் புறக்கோட்டையிலே பிறந்தது இவருடைய மகனாகவேயாம். மொறட்டுவைத் தச்சரின் கைத்திறன் இலங்கை முழுவதும் பெயர் பெற்றது. கருங்காலி, முதிரை, தேக்கு, பலா ஆகிய மரங்களிலே அவர்கள் கடைந்தும் செதுக்கியும் செய்த கதிரைகளும் அலுமாரிகளும் பழைய வீடுகளில் இன்றும் அசையாது நிற்கின்றன. எனினும் வணிகரின் பெயர் வரலாற்றில் நின்றது; செய்த தச்சரின் பெயர் நிற்கவில்லை.

இக்குறையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர், 1877இல் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. புவியியலறிஞராக இந்நாட்டின் பாறைகளை ஆராய வந்தவர், கிராமந்தோறும் கண்ட கைவினைஞரின் பணியிலே உள்ளம் பறிகொடுத்தார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. செய்பவனின் வாழ்வும் நம்பிக்கையும் அவன் செய்யும் பொருளினின்றும் பிரிக்கப்படின் இரண்டும் கெடும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. அக்கருத்தைத் தம் வாழ்விலே நடத்திக் காட்டியவராக நாம் கருதுபவர் ஜோர்ஜ் நாகஷிமா என்னும் தச்சர். அவர் யப்பானிய வமிசத்தவர், அமெரிக்காவிலே பிறந்தவர். ஆயினும் அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது நமக்கு அணித்தாகிய தமிழ்மண்ணிலேயாம்.

புதுச்சேரியில் பெற்ற பெயர்

நாகஷிமா 1905ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரிலே பிறந்தார். இளமையில் மலைகளிலும் காடுகளிலும் நடந்து திரிந்தவர். பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியலும் பின்னர் கட்டடக் கலையும் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலை பறிபோனது. தமது மோட்டார் வண்டியை விற்று, உலகைச் சுற்றிவரும் கப்பற் சீட்டொன்றை வாங்கினார். பாரிஸ் நகரில் சிலகாலம் தங்கி யப்பானை அடைந்தவர், தோக்கியோவில் அன்ரனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்திலே சேர்ந்தார்.

அவ்வலுவலகத்துக்கு வந்த பணிகளுள் ஒன்று, புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆச்சிரமத்தில் அடியார் தங்குதற்கு ஒரு விடுதி அமைப்பது. ஐதராபாத்துத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த நன்கொடை கொண்டு எழுந்தமையால் அது கோல்கொண்டா எனப் பெயர் பெற்றது. பணியை மேற்பார்வை செய்ய 1937இல் நாகஷிமா புதுச்சேரிக்கு வந்தார்.

அக்கட்டடத்தின் அமைப்பு நம் போன்ற வெப்ப நாட்டினர் ஊன்றிக் கவனித்தற்குரியது. நீண்ட பக்கங்களிற் சாளரங்களுக்குப் பதிலாக, திறக்கவும் மூடவுங்கூடிய கிடைத் தட்டுகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அவை வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மாத்திரம் உள்ளே விடுகின்றன. கூரையிலே வளைந்த கொங்கிறீற்று ஓடுகள். அறைகளுக்குத் தேக்கமரத் தள்ளுகதவுகள். தரைக்குக் கடப்பைக் கல். அன்பர் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுகளுக்கு வேண்டிய உறுப்புகளை வார்த்தனர். ஆச்சிரமவாசிகள் பலர் தாமே வேலையாட்களாயினர். விரைவு எவருக்கும் நோக்கமாக இருக்கவில்லை. பணி 1942வரை நீண்டது.

மேற்பார்வையாளராக வந்த நாகஷிமா விரைவிலே ஆச்சிரமவாசியானார். சம்பளத்தை ஏற்க மறுத்தார். அழகிலே ஆனந்தங் கொள்பவர் என்ற பொருள்பட 'சுந்தரானந்தர்' என்னும் பெயரை அரவிந்தரிடம் பெற்றார். பலனை நோக்காது செய்யும் தொழிலே வழிபாடு என்பதை நாம் சமய பாட வகுப்பிலே மனனஞ் செய்து பரீட்சையில் எழுதினோம். அவரோ சுண்ணாம்பும் தேக்கும் பிடித்த கையால் அதைக் கற்றார். அவ்விடுதிக்குரிய தளபாடங்களே அவர் முதன்முதல் வகுத்த தளபாடங்களுள் அடங்கும்.

முள்வேலிக்குள் ஒரு குருகுலம்

1939இல் புதுச்சேரியை நீங்கிய அவர், யப்பான் வழியாக அமெரிக்கா மீண்டார். யப்பானிலே சந்தித்த மரியன் ஒக்காஜிமா அம்மையாரை 1941இல் மணம் புரிந்தார். அமெரிக்காவிற் கட்டடங்கள் கட்டப்படும் முறை அவருக்கு மனநிறைவளிக்கவில்லை. வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர், இருவருக்குமிடையே உறவு யாதுமில்லை என்ற நிலையைக் கண்டார். தொடக்கமுதல் முடிவுவரை தம் கையாலேயே செய்து முடிக்கத்தக்க தொழில் வேண்டும் என்று தேர்ந்து, சியாற்றில் நகரிற் சிறிய தளபாடப் பட்டறையொன்றைத் தொடங்கினார்.

பட்டறை நிலைக்கவில்லை. யப்பானுடன் போர் மூண்டதும், 1942 பெப்ரவரியிற் பிறந்த ஆணையொன்றின் விளைவாக அமெரிக்க மேற்குக் கரையிலிருந்த யப்பானிய வமிசத்தவர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு அகற்றப்பட்டனர். அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். நாகஷிமாவும் மனைவியாரும் பிறந்து சில வாரங்களேயான மகள் மீராவும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பிறந்த நாட்டிலேயே பிறப்பின் காரணமாக அந்நியராக்கப்படுதல் எத்தகையது என்பதை நமது வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1983 ஆடி மாதத்திற் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகள் எரிந்ததைக் கண்டவர்களும், பாடசாலை மண்டபங்களில் அகதிகளாகப் பாய் விரித்தவர்களும் நம்மிடையே உள்ளனர்.

அம்முகாமிலே ஜென்தாரோ ஹிக்கோகாவா என்னும் தச்சர் இருந்தார். யப்பானிய மரபு முறையிலே பயின்றவர். இரண்டு பட்டங்கள் பெற்ற கட்டடக் கலைஞர் அத்தச்சருக்கு மாணாக்கரானார். கைவாளைப் பிடிக்கும் வகை, உளியைத் தீட்டும் வகை, ஆணியின்றி மரத்தோடு மரத்தை இணைக்கும் பொருத்துகள், யாவற்றுக்கும் மேலாகப் பொறுமை ஆகியவற்றை அவரிடம் கற்றார். நல்ல மரம் கிடைக்கவில்லை. முகாம் கட்டி எஞ்சிய பலகைத் துண்டுகளும் பாலைநிலத்து முட்செடிகளுமே கருவிப்பொருளாயின. நம்மவர் குருகுலம் என்று போற்றும் கல்விமுறை முள்வேலிக்குள் நடைபெற்றது என்க.

1943இல் ரேமண்ட் பொறுப்பேற்க, குடும்பத்தினர் விடுதலை பெற்றுப் பென்சில்வேனியா மாநிலத்து நியூ ஹோப் என்னும் ஊரை அடைந்தனர். முதலிற் பண்ணை வேலை; பின்னர் சொந்தப் பட்டறை. முதற்றர மரம் வாங்கப் பணமில்லாமையால், மரக்காலைகளிற் பிறர் கழித்த கணுவும் வெடிப்புமுள்ள பலகைகளையே வாங்கினார். வறுமையால் நேர்ந்த இவ்வழக்கமே அவருடைய கலைக்கு முதலாயிற்று.

மரத்தின் இயல்பும் தச்சரின் முறையும்

இது எவ்வாறாயிற்று என்பதை அறிய மரத்தின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். வெட்டிய மரத்தில் நீர் மிகுதியாக உண்டு. அது உலருங்கால் மரம் நெடுக்குவாட்டிற் சுருங்குவது மிகச் சொற்பம், குறுக்குவாட்டிலேயே சுருங்கும். குறுக்குவாட்டிலும், நடுவிலிருந்து புறநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு வளையங்களின் போக்கிலே சுருங்கும். இவ்வொவ்வாமையாலேயே பலகை நெளிகின்றது, வெடிக்கின்றது. தொழிற்சாலைக்காரர் வெடித்த பகுதியையும் கோணலான ஓரத்தையும் அறுத்து எறிந்து, எஞ்சியவற்றை ஒரே அளவினவாக்குவர்.

நாகஷிமாவின் முறை வேறு. பெருமரத்தைப் பாணை வெட்டுவது போல நெடுக அகன்ற பலகைகளாக அறுப்பித்து, அறுத்த ஒழுங்கிலேயே இடையிடையே சட்டங்கள் வைத்து அடுக்கி, ஆண்டுக்கணக்கிற் காற்றில் உலர விடுவார். பட்டையை அடுத்த இயற்கையான ஓரத்தை நேராக்காமல் அப்படியே மேசையின் ஓரமாக வைப்பார். வெடிப்பை மறைக்கமாட்டார். அதன் குறுக்கே, இடை சிறுத்து இருபுறமும் விரிந்த உடுக்கு வடிவான கட்டையொன்றைப் பள்ளந் தோண்டி இறுக்கிப் பதிப்பார். வண்ணத்திப்பூச்சிச் சிறகு போன்ற அக்கட்டை வெடிப்பு மேலும் விரியாது தடுக்கும்; பார்வைக்கும் இனிதாகும். குற்றமென்று பிறர் எறிந்தது அவரிடத்தில் அணியாயிற்று. ஒவ்வொரு பலகைக்கும் தக்க பயன் ஒன்றுண்டு, அதைக் கண்டறியும்வரை காத்திருத்தல் தச்சர் கடன் என்பது அவர் கொள்கை. 1981இல் அவர் வெளியிட்ட நூலுக்கு 'மரத்தின் ஆன்மா' என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்.

1960இல் அவர் வகுத்த கொனொயிட் கதிரைக்கு இரண்டே கால்கள். அவை நிலத்திற் படிந்த இரு நீண்ட சட்டங்களில் ஊன்றி நிற்க, இருக்கை முன்னோக்கி நீண்டிருக்கும். கவிழும் என்று ஐயுற்றோர் உண்டு, அது கவிழவில்லை. கட்டடக் கலைஞரின் கணிதமும் தச்சரின் பொருத்தும் ஒருவரிடத்திலே கூடியமையின் பயன் இஃதாகும். கற்ற கல்வி வீணாயிற்றோ என்று வினவுவார்க்கு இக்கதிரையே விடை.

விலையும் பெறுமதியும்

நிற்க. அவர் வாழ்க்கையிலும் ஒரு முரண்பாடு உண்டென்பதை மறைத்தல் நேர்மையாகாது. எளிமையைப் போற்றியவரின் பொருட்கள் எளியோர் வாங்கத்தக்கனவாக நிலைக்கவில்லை. 1973இல் நெல்சன் ரொக்கபெல்லர் என்னும் பெருஞ்செல்வர் தமது மாளிகைக்கு 200க்கு மேற்பட்ட பொருட்களைச் செய்வித்தார். தொழிற்சாலைகள் பெருந்தொகையாகச் செய்தற்குரிய மாதிரிகளையும் சிலகாலம் அவர் வகுத்துக் கொடுத்தார். ஆயினும் பட்டறையைத் தொழிற்சாலையாக்க அவர் உடன்படவில்லை. 1964இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவகத்துக்கு வந்து, இந்திய மரங்களிலே செய்தற்குரிய தளபாடங்களையும் வகுத்துத் தந்தார்.

முதுமையிற் பேரளவான அக்குரோட்டு மரமொன்று கிடைத்தபோது, கண்டந்தோறும் ஓர் அமைதிப் பீடம் அமைத்தல் வேண்டும் என்று விரும்பினார். முதலாவது பீடம் 1986இல் நியூ யோர்க்கிலுள்ள பேராலயமொன்றிலே இடம்பெற்றது. 1990இல் அவர் காலமானார். மகள் மீரா பட்டறையைப் பொறுப்பேற்றுத் தந்தையின் எண்ணத்தைத் தொடர்ந்தார். 1996இல் மற்றொரு பீடம் புதுச்சேரியை அடுத்த ஓரோவில்லை வந்தடைந்தது. சுந்தரானந்தர் என்ற பெயரைத் தந்த மண்ணுக்கு அவர் செலுத்திய கடன் என்றே அதனை நாம் கொள்கின்றோம். கைக்குழந்தையாக முள்வேலிக்குள் கொண்டு செல்லப்பட்ட மகளே அக்கடனைத் தீர்த்து வைத்தார்.

நாம் செய்யத்தக்கது

மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைத் தளபாடங்கள் இன்று புறக்கோட்டைக் கடைகளிலே மலிந்துள்ளன. அவற்றை வாங்குவோரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. பலருடைய வருவாய்க்கு அவையே இயலும். ஆயினும் தச்சரின் மகன் தந்தையின் உளியை வைத்துவிட்டு வேறு தொழில் தேடிச் செல்வதற்கு வருவாய்க் குறைவு மாத்திரம் காரணமன்று. மதிப்பின்மையும் காரணமாம். மதிப்பை வழங்குவது பெரும்பாலும் நம் போன்ற கற்றோரின் கையிலுள்ளது.

மாணவர் அனைவரும் தச்சராகுக என்று நாம் கூறவில்லை. கட்டடக் கலை கற்கும் மாணவர் ஒரு விடுமுறையையாவது பட்டறையிலே கழிப்பாராக. கையாற் செய்வதில் நாட்டமுடைய பிள்ளையைக் கல்வியிற் பின்தங்கியவனென்று ஆசிரியர் எண்ணாதிருப்பாராக. பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்கு மேசையோ வாங்கோ அன்பளிப்புச் செய்யும்போது, கொடுத்தவர் பெயரைப் பொறிப்பது வழக்கம். இனிமேல் அதன் கீழே, செய்தவரின் பெயரையும் ஒரு வரியிற் பொறிப்போமாக. நமது பெயர்களைத்தான் வேண்டியமட்டும் அம்மேசைகளிலே முன்னரே பொறித்துவிட்டோம்.